நிழற்படம் சொன்ன கதைகள்

கல்லில் கதை சொன்ன ஊருக்கு அருகில் வாழும் பேறு பெற்றவர்கள் நாம். கல்பாக்கத்திற்கு வடக்கே, மாமல்லபுரத்தில், ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள பாறையில் ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிகள் ஒரு தவத்தைச் செதுக்கினர். தவம் செய்பவன் அருச்சுனனா, பகீரதனா என்னும் வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. கதையை உரைக்கும் கல்வெட்டு அப்பாறையில் இல்லாமையே காரணம். காட்சி எத்துணை விரிந்ததாயினும், கதையை நிலைநிறுத்தச் சொல் வேண்டும்.

அச்சொல்லை நிழற்படத்தோடு இணைத்த முயற்சி 1947இல் இத்தாலிய வார இதழ்களில் தோன்றியது. ஓவியர் வரைந்த படக்கதைக்கு மாற்றாக, நடிகர்களை நிறுத்திப் படமெடுத்து, கட்டங்களாக அடுக்கி, உரையாடலை அவற்றின்மேல் அச்சிட்டனர். உழைக்கும் குடும்பத்துப் பெண்கள் விரும்பிப் படித்தனர்; கற்றோர் எள்ளினர். அக்கதைகளின் நாயகனைத் தேடிச் செல்லும் புதுமணப் பெண்ணொருத்தியைப் பற்றிய 'வெள்ளை ஷேக்' என்னும் திரைப்படத்தை 1952இல் ஃபெலினி இயக்கினார்.

ஓவியன் வேண்டியதை மட்டுமே வரைவான். காமிராவோ எதிர்நின்ற அனைத்தையும் பதிந்துவிடும். ஆதலின் கற்பனைக் கதைக்காக எடுத்த படமும், காலம் செல்லச் செல்ல, அக்கால உடைக்கும் தெருவுக்கும் வீட்டுக்கும் சான்றாகிவிடுகிறது.

தமிழில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் ஓவிய வழியையே பின்பற்றியது. கதையும் நிழற்படமும் நம்மிடையே சேர்ந்து உலவிய இடம் திரைப்படப் பாட்டுப் புத்தகம். நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாடல்கள் ஆகியவற்றோடு அட்டையில் படத்தின் காட்சியும் இருக்கும். முடிவை மட்டும் கூறாது, மீதியை வெள்ளித்திரையில் காணுமாறு பணித்துவிடும். இது முழுமையான நிழற்படக் கதை அன்று. எனினும் அதன் நெருங்கிய உறவு.

முனைவர் பட்ட ஆய்வு செய்த நாளில் நானும் இவற்றை நூலென மதித்ததில்லை. இவ்வெண்ணம் பிழையென உணர்த்தியவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. செவ்விய நூல்களோடு பாட்டுப் புத்தகங்களையும் துண்டு வெளியீடுகளையும் அவர் திரட்டிவைத்தார். 1992இல் அவர் மறைந்தபின், அத்தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தினர்க்கு ஒரு வேண்டுகோள்: வீட்டுப் பரணில் பாட்டுப் புத்தகம் கிடப்பின், பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போடாதீர். பாறை தானே நிற்கும், தாள் நில்லாது.