பெயரற்ற கிருமி

கொள்ளைநோய் வந்தபோதெல்லாம் மக்கள் முதலில் தேடியது மருந்தை அன்று. பழி சுமத்த ஒரு கூட்டத்தை! 14ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கருஞ்சாவு பரவியபோது, கிணறுகளில் நஞ்சிட்டனர் என்று கூறி யூதர்களைத் தீயிலிட்டனர். அறிவு வளராக் காலத்து அநீதி என்று கூறி நாம் அமைதி கொள்ளலாமா? நிலவில் மனிதரை இறக்கிய நாட்டிலேயே, 1993இல், அப்பழைய பழக்கம் மீண்டும் தலைகாட்டிற்று. அப்பழி பொய்யென்று காட்டியது எது? மழையையும் மண்ணையும் எலியையும் கணக்கிட்ட அறிவு. அந்த வரலாற்றைச் சற்றுக் காண்போம்.

அமெரிக்காவின் தென்மேற்கே நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா ஆகிய 4 மாநிலங்களின் எல்லைகள் ஒரு புள்ளியில் கூடுகின்றன. 'நான்கு மூலை' என்பர் அவ்வட்டாரத்தை. நவஹோ என்னும் தொல்குடியினரின் தாயகம் அது. 1993 மே திங்களில், நேற்றுவரை ஓடியாடித் திரிந்த இளைஞர் சிலர் அங்கே காய்ச்சல் கண்டு, நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத் திணறி மாண்டனர். முதலில் கண்டறியப்பட்ட நோயாளரில் பாதிக்கு மேற்பட்டோர் பிழைக்கவில்லை.

மாண்டோரில் நவஹோ மக்கள் இருந்தனர். அது போதுமானதாயிற்று! 'நவஹோ காய்ச்சல்' என்று ஏடுகள் எழுதின. வேற்றினத்தாரும் நோயுற்றனர் என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தம் கடித நண்பர்களைக் காணவிருந்த நவஹோ பள்ளிச் சிறார்க்கு, 'வரவேண்டா' என்ற சொல்லே வரவேற்பாகக் கிடைத்தது.

ஆய்வாளர் என் செய்தனர்? இனத்தை ஆராயவில்லை, இரத்தத்தை ஆராய்ந்தனர். சில வாரங்களில் விடை கிடைத்தது. ஹந்தா வைரஸ் குலத்தைச் சேர்ந்த கிருமி அது! கொரியப் போரில் படைவீரர் ஆயிரக்கணக்கானோரை வாட்டிய குருதிக்கசிவுக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை, 1970களில் லீ ஹோ வாங் என்னும் அறிஞர் வயலெலியிடம் கண்டறிந்தார். ஹந்தான் ஆற்றின் பெயர் அதற்கு வாய்த்தது. 1964இல் நம் வேலூரில் ஒரு மூஞ்சூற்றிடமிருந்து பிரித்தெடுத்து, தோட்டப்பாளையம் எனப் பெயரிட்ட வைரசும் அக்குலத்ததே என்பது பின்னர்த் தெரியவந்தது.

நான்கு மூலையில் பொறி வைத்தனர். 'மான் எலி' என அமெரிக்கர் அழைக்கும் சிறு காட்டெலிகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் கிருமியின் தடம் இருந்தது. எலிக்கு அதனால் நோயில்லை. அதன் சிறுநீரும் புழுக்கையும் உலர்ந்து தூசியாகி, மூச்சுடன் உட்சென்றால் மனிதருக்கு நோய். அங்கே மனிதரிடமிருந்து மனிதருக்கு அது பரவவில்லை. பின் எங்கே நின்றது 'நவஹோ காய்ச்சல்'?

எலி என்றும் இருந்தது. 1993இல் மட்டும் ஏன் இத்தனை சாவு? நியூ மெக்சிகோவில் செவியெட்டா ஆய்வுக்களத்தார், நோய் தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே எலிகளை எண்ணி வந்தனர். பசிபிக் கடல்நீர் வெம்மையுற்றால் விளையும் எல் நினோவால், வறண்ட நிலத்தில் 1992ஐ ஒட்டி மழையும் பனியும் மிகுந்தன. புல்லும் பின்யோன் மரக்கொட்டையும் பெருகின. உண்டு கொழுத்த எலிகள் சில இடங்களில் பத்து மடங்காயின. அவை வீடுகளுள் புகுந்தன.

நவஹோ முதியோர் இதனை அறிந்திருந்தனர். 1918இலும் 1933இலும், கொட்டை மிகுந்த ஆண்டுகளில், இத்தகைய சாவுகள் நேர்ந்தன என்றனர். எலியை வீட்டில் அண்டவிடலாகாது என்பது அவர்தம் மரபு. பழமை என்பதற்காக அன்று, சோதனையில் தேறியதற்காக அதனை ஏற்கிறோம்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக் கிரகரி கிளாசும் குழுவினரும், நோயாளர் வாழ்ந்த இடங்களையும் நோயற்ற இடங்களையும் செயற்கைக்கோள் படங்களில் ஒப்பிட்டு, 2000இல் முடிவை வெளியிட்டனர். முந்திய ஆண்டுப் படமே அடுத்த ஆண்டின் ஆபத்துமிக்க இடங்களைச் சுட்டிற்று. தாழ்ந்த பாலையில் ஆபத்து குறைவு. மரஞ்செறிந்த மேட்டுநிலத்தில் மிகுதி. பருவமும் புலனாயிற்று: இளவேனிலிலும் முதுவேனிலிலும் நோய் கூடுதல். 1997-98இல் எல் நினோ மீண்டும் வந்தது. அதன்பின் நோயும் மீண்டும் ஏறிற்று. நாடெங்கும் எடுத்த கணக்கிலோ, நோயாளரில் பெரும்பாலோர் வெள்ளையர்! அதனை எவரும் 'வெள்ளையர் காய்ச்சல்' என்றாரில்லை.

கிருமிக்கு நவஹோ நிலத்துப் பள்ளத்தாக்கு ஒன்றின் பெயரைச் சூட்ட முனைந்தபோது, அம்மக்கள் மறுத்தனர். இறுதியில் அது 'சின் நோம்ப்ரே' ஆயிற்று. ஸ்பானிய மொழியில் 'பெயரற்றது' என்பது பொருள்.

பழிச்சொல் ஓர் உயிரையேனும் காத்ததா? இல்லை. அறிவு காத்தது: 'மூடிக் கிடந்த குடிலைத் திறந்து காற்றோட விடு, எலிப் புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காதே, கிருமிநாசினியால் நனைத்துத் துடைத்தெடு' என்று கற்பித்தது. எந்த நாட்டில் எந்த நோய் வரினும், 'யார் கொணர்ந்தார்?' என்று கேட்கும் முன், 'எங்கே, எப்போது, எதனால்?' என்று கேட்கக் கற்போம்!