‘நல்லொழுக்கம்’ என்னும் தகுதி: சோனாகாச்சிக் கூட்டுறவுச் சங்க வரலாறும் சொல்லாட்சியும்

சட்டவிதியில் அமைந்த ஒரு சொற்றொடர் பலருடைய பிழைப்பை முடிவு செய்வதுண்டு. 1995இல் அன்றைய கல்கத்தாவில் நிகழ்ந்த ஒரு சங்கப் பதிவு இதற்குச் சான்றாகும்.

பரத்தமையிலிருந்து விடுபட்ட பெண்களுக்கு வேறு தொழில் கற்பிக்கும் முயற்சி வங்கத்தில் பழமையானது. 1932இல் தோன்றிய அனைத்து வங்க மகளிர் சங்கம் அவர்களுக்கு உறைவிடமும் தொழிற்பயிற்சியும் அளித்தது. இம்மரபின் அடிப்படைச் சொற்கள் ‘மீட்பு’, ‘மறுவாழ்வு’ என்பன. இச்சொற்கள் அமையும் தொடர்களில் பெண் செயப்படுபொருளாகவே நிற்கிறாள், எழுவாயாக வருவதில்லை.

1992இல் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா தலைமையில் சோனாகாச்சியில் பால்வினை நோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. கந்துவட்டிக் கடனில் அமிழ்ந்தவளால் ஆணுறையை வலியுறுத்த இயலாது என்பது அப்பணியில் புலனாயிற்று. எனவே சேமிப்புக்கும் குறைந்த வட்டிக் கடனுக்குமாக ‘உஷா’ என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அப்பெண்களே நிறுவ முற்பட்டனர்.

உறுப்பினர் ‘நல்லொழுக்கம்’ உடையவராதல் வேண்டும் என்னும் விதி குறுக்கிட்டது. இல்லத்தரசிகள் எனப் பதிந்துகொள்ளுமாறு கூறப்பட்ட மாற்றுவழியை அவர்கள் ஏற்கவில்லை. தம் தொழிற்பெயராலேயே பதிவு கோரினர். இறுதியில் மாநில அரசு அத்தடையை நீக்கியது. 1995இல் சங்கம் பதிவாயிற்று. பிள்ளைகளின் கல்விக்கும் சிறுதொழிலுக்கும் கடன் பெறும் வழி இவ்வாறு திறந்தது.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கவை இங்குச் சில உள. ‘நடத்தை’ என்னும் தமிழ்ச்சொல் பள்ளிச் சான்றிதழில் பொதுப்பொருள் தரும். ‘நடத்தை கெட்டவள்’ என்னும்போது பாலொழுக்கம் ஒன்றையே சுட்டும். ஆகவே அவ்விதியைத் தமிழாக்குவோர் எச்சொல்லைக் கொண்டாலும் நடுநிலை எளிதன்று. வங்க மொழியின் ‘ஜௌனகர்மி’ என்பதிலுள்ள ‘கர்மி’ கட்சித் தொண்டரையும் குறிக்கும். உழைப்பாளிக்கு ‘ஸ்ரமிக்’ என்னும் தனிச்சொல் உண்டு. தமிழின் ‘பாலியல் தொழிலாளர்’ இவ்விரண்டனுள் பின்னதற்கே நெருக்கமானது. 1995இல் தோன்றிய ‘துர்பார் மகிளா சமன்வய கமிட்டி’யின் பெயரிலுள்ள ‘துர்பார்’ தடுத்தற்கரியது எனப் பொருள்படும். அரசவையைக் குறிக்கும் ‘தர்பார்’ அன்று.

சொல்லைப் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றக் கையேடு ‘பாலியல் தொழிலாளர்’ என்பதற்கு நிகரான ஆங்கிலச் சொல்லைப் பரிந்துரைத்தது. அது கடத்தப்பட்டவரையும் தாமே விரும்பி வந்தவராகக் காட்டும் என்னும் மறுப்பு எழவே, அவ்வாண்டு நவம்பரில் அது மாற்றப்பட்டது. ‘மீட்பு’ பெண்ணின் விருப்பத்தை மறைக்கிறது. ‘தொழிலாளர்’ சிலர்மேல் நிகழ்ந்த வன்முறையை மறைக்கிறது. எதைத் தேர்ந்தாலும், அப்பெண்கள் தமக்கென ஆளும் பெயர் யாதென முதலில் வினவுதல் மொழிபெயர்ப்பாளர் கடனாகும்.