ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரலைக் கேள்வி கேட்ட கதை

கொம்பியூட்டர் வரலாறு எண்டால் எங்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது கண்டுபிடிப்புகளின் பட்டியல்தான். யார், எதை, எந்த ஆண்டில் செய்தார்கள் என்பதோடு அது முடிந்துவிடும். ஆனால் செய்து முடித்த இயந்திரம் உள்ளுக்குள் என்ன செய்யுது எண்டு அறிய மனிசர் பட்ட பாட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கு. கலைப்பீடத்தில் இருக்கிற நாங்கள் அதை எழுதக் காரணம், பார்க்கிற உரிமை யாருக்கு என்ற கேள்வி அதற்குள் ஒளிந்திருப்பதுதான்.

1949 மே மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினி ஓடத் தொடங்கியது. அதைக் கட்டியவர்களுக்குத் தலைமை தாங்கியவர் மொரிஸ் வில்க்ஸ். மிச்ச வாழ்நாளில் நல்ல பங்கு தன்னுடைய செய்நிரல்களில் பிழை தேடுவதிலேயே போகப்போகுது எண்டு அந்த நாட்களில் தனக்கு உறைத்ததாகப் பின்னாளில் எழுதினார். அதே ஆய்வுகூடத்தின் ஸ்டான்லி கில், எட்சாக் செய்நிரல்களில் தவறுகளைக் கண்டறிவது பற்றி 1951இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் விளக்கிய வழிகளில் ஒன்று இது: செய்நிரலை நேரடியாக ஓடவிடாமல், இன்னொரு செய்நிரல் அதன் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றி, நடந்ததை அச்சடித்துக்கொண்டே போகும். நல்ல வழிதான், ஆனால் ஆமை வேகம்.

பிறகு வந்த காலத்தில் இரண்டு வழிகள் பழக்கமாகின. ஒன்று, எழுதுகிறவரே செய்நிரலுக்குள் அங்கங்கே "இங்கே வந்துவிட்டேன்" என்று குறிப்பு எழுதும் வரிகளை வைப்பது. மற்றது, செய்நிரலை நடுவழியில் நிறுத்தி உள்ளே பார்ப்பது. இரண்டிலும் சிக்கல் உண்டு. தொகுப்பி ஒருமுறை செய்நிரலை இயந்திர மொழிக்கு மாற்றிவிட்டால், எழுதினவர் வைக்காத குறிப்பு அதற்குள் கிடையாது. ஆவணங்களோடு மல்லுக்கட்டுகிற வரலாற்று மாணவர்களுக்கு இது நல்லா விளங்கும். எழுதினவர் முக்கியம் எண்டு நினைச்சது மட்டும்தான் பதிவில் இருக்கும். நிறுத்திப் பார்க்கலாம் எண்டால், வங்கியின் கணினியை வேலை நேரத்தில் யார் நிறுத்த விடுவார்கள்? அதோடு, கவனிக்கத் தொடங்கினதுமே காணாமல் போகிற பிழைகளும் உண்டு. ஜிம் கிரே 1985இல் எழுதிய ஆய்வில் அவற்றை 'ஹைசன்பக்' எண்டு குறிப்பிட்டார்.

ஆகத் தேவைப்பட்டது, ஓடுகிற பஸ்ஸுக்கு ரயர் மாத்துற மாதிரி ஒரு வித்தை. அதன் அடிப்படை இதுதான். செய்நிரல் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பார்க்க விரும்பும் இடத்தில் உள்ள கட்டளையை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, அங்கே ஒரு பொறிக் கட்டளையை வைப்பார்கள். இன்ரெல் சிப்களில் அதற்கெண்டே ஒரு பைட் நீளமான கட்டளை இருக்கு. ஓட்டம் அந்த இடத்துக்கு வந்ததும் பணிசெயல் முறைமையின் கேர்னலுக்குத் தாவும். நேரம் என்ன, யார் அழைத்தது, என்ன பெறுமானம் வந்தது என்பதெல்லாம் பதிவாகும். எடுத்துவைத்த கட்டளையும் நிறைவேறும். பிறகு செய்நிரல் ஒன்றும் நடக்காதது போலத் தன் வழியில் போகும். கேள்வி முடிந்ததும் பழைய கட்டளை தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் மில்லரின் குழு 1990களில் பாரடைன் என்ற கருவி மூலம் ஓடுகிற செய்நிரல்களுக்குள் இப்படி அளவிகளைச் செருகிக் காட்டியது. 1999இல் கேர்ன்இன்ஸ்ட் மூலம் ஓடுகிற கேர்னலுக்குள்ளேயே அதைச் செய்தார்கள். ஆனால் அன்றாட வேலைக்கான கருவியாக இது பரவியது, சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிரையன் கான்ட்ரில், மைக் ஷப்பீரோ, அடம் லெவென்தால் மூவரும் உருவாக்கிய டிட்ரேஸ் மூலம்தான். 2005இல் சொலாரிஸ் 10 உடன் அது வெளிவந்தது. கேள்விகளை எழுத 'டி' என்ற சின்ன மொழி இருந்தது. அதில் சுழல்கள் கிடையாது, ஏனெண்டால் முடிவில்லாமல் சுற்றுகிற ஒரு கேள்வி முழுக் கணினியையும் விழுத்திவிடும்.

2004இல் அவர்கள் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் ஒரு கதை வருகிறது. ஏறத்தாழ 170 பேர் பகிர்ந்து பாவித்த ஒரு வழங்கியில் காரணம் தெரியாத சுமை. கேள்விமேல் கேள்வி கேட்டுப் போனால், சிலருடைய திரையில் பங்குச்சந்தை விலை காட்டிக்கொண்டிருந்த குட்டிச் செய்நிரலில் போய் நின்றது. அதை எழுதினவர் இப்படியொரு கேள்வி வருமெண்டு நினைத்து எந்தக் குறிப்பும் வைத்திருக்கத் தேவையில்லை. பாவிக்கிறவர் பக்கத்திலிருந்து கேட்டதாலேயே பதில் வந்தது.

பிறகு வந்தது அதிகாரத்தின் கதை. அப்பிள் 2007இல் தன் மக் கணினிகளில் டிட்ரேஸைச் சேர்த்தது. 2008 ஜனவரியில் லெவென்தால் ஒன்றைக் கவனித்தார். ஐரியூன்ஸ் என்ன செய்யுது எண்டு கேட்டால் மட்டும் பதில் வரவில்லை. தன்னைப் பார்க்கவேண்டாம் எண்டு ஒரு செய்நிரல் கேட்டுக்கொண்டால் கண்ணை மூடிக்கொள்ளும்படி அப்பிள் டிட்ரேஸை மாற்றியிருந்தது. கருவி உங்களிடம் இருக்கும், கணினியும் உங்கள் காசில் வாங்கியது. ஆனாலும் எதைக் கேட்கலாம் எண்டு தீர்மானிக்கிறது வேறொருவர்.

லினக்ஸில் தடையாக இருந்தது உரிமம். டிட்ரேஸின் மூலக்குறிமுறை திறந்ததுதான், ஆனால் சன் கொடுத்த சிடிடிஎல் உரிமமும் லினக்ஸின் ஜீபிஎல் உரிமமும் ஒத்துப்போகாதவை எண்டே கருதப்பட்டது. 2010இல் சன் ஒராக்கிளின் கைக்குப் போனது. அதே ஆண்டில் ஓப்பன்சொலாரிஸ் திட்டமும் கைவிடப்பட்டது. லினக்ஸ்காரர் தங்கட வழியைத் தாங்களே கட்டினார்கள்: 2004இல் கேர்னலுக்குள் கேபுரோப்ஸ், 2012இல் பாவனையாளர் செய்நிரல்களுக்கு யூபுரோப்ஸ், 2014இலிருந்து ஈபிபிஎஃப். ஈபிபிஎஃப்பில் கேள்வியாக வரும் நிரலைக் கேர்னல் முதலில் சோதிக்கும். பாதுகாப்பானது எண்டு உறுதியானால்தான் ஓடவிடும்.

எட்சாக்கில் எழுதினவரும் பாவித்தவரும் பெரும்பாலும் ஒரே ஆள். இன்றைக்கு எங்கட கையில் இருக்கிற போனில் ஓடுகிற செயலி எதையும் நாங்கள் எழுதவில்லை. அதற்குள் ஒரு பொறி வைக்கிற வித்தை பல ஆண்டுகளாகவே உலகத்திடம் இருக்கு, ஆனால் கடையில் வாங்கினபடியே இருக்கிற போனில் அதற்கு அனுமதி இல்லை. செயலியை எழுதின நிறுவனம் எங்களைப் பற்றிக் கேட்கிற கேள்விகளுக்கோ கணக்கில்லை. திருப்பிக் கேட்கிற வழியும் எங்களுக்கு வேணும் எண்டு சொல்ல, கணினி விஞ்ஞானம் படித்திருக்கத் தேவையில்லை.