முதுகலை வரலாறும் கைபர் சாசனமும்

"வரலாற்றில் முதுகலை பயின்றால் மார்க்கத்திற்கு என்ன பயன்?" என்று வினவும் பெற்றோருக்குப் பக்தாதில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்வேன்.

ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டில், கைபர் யூதர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் ஜிஸ்யா வரியிலிருந்து விலக்களித்ததாக, ஸஹாபாக்களின் சாட்சியத்துடன் ஒரு சாசனம் அமைச்சர் முன் வைக்கப்பட்டது. அவர் அதனை அல்கதீப் அல்பக்தாதி (ரஹ்) அவர்களிடம் காட்டினார். ஆராய்ந்த இமாம், போலி என்றார். கைபர் வெற்றி ஹிஜ்ரி 7இல். சாட்சியான முஆவியா (ரலி) இஸ்லாத்தைத் தழுவியதோ மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல். மற்றொரு சாட்சியான ஸஃது பின் முஆத் (ரலி) அகழ்ப்போரில் பட்ட காயத்தால் ஹிஜ்ரி 5இலேயே ஷஹீதாகிவிட்டார்!

முதுகலை வகுப்பில் சான்றாய்வு எனக் கற்பிக்கப்படுவது இதுவே. மதரஸாவில் அறிவிப்பாளர் வரலாறு ஓதிய பிள்ளைக்கு இது புதிதன்று. ஆண்டுகளை மனனம் செய்வித்ததோடு நாம்தாம் நிறுத்திவிட்டோம். நம் வீட்டுப் பரண்களில் அரபுத்தமிழ் ஏடுகள் செல்லரித்துக் கொண்டிருக்கின்றன. அவற்றை வாசிக்கவும் காலம் கணிக்கவும் இரு கல்வியும் பெற்றவர்கள் வேண்டும்.