ஃபிளாஷ் விளையாட்டுகளின் பாதுகாப்பு

ஃபிளாஷ் என்னும் செருகுநிரலின் துணையால் இணைய உலாவிக்குள்ளேயே ஆடப்பட்டுவந்து, அச்செருகுநிரல் 2020ஆம் ஆண்டின் இறுதியில் கைவிடப்பட்டமையால் ஒருங்கே இயக்கமற்றுப்போன சிறு விளையாட்டுகளை மீட்டு, மீண்டும் ஆடத்தக்க நிலையில் வைத்துக் காக்கும் பிரயத்தனத்தை இத்தலைப்புக் குறிக்கும்.

ஜொனாதன் கே என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும் சித்திரங்களை அசையச் செய்யும் பொருட்டு 1996இல் வெளியிட்ட ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர் என்ற மென்பொருளே, மாக்ரோமீடியா நிறுவனத்தின் கைக்கு வந்தபின் ஃபிளாஷ் எனப் பெயர் பெற்றது. உருவங்களைப் புள்ளி புள்ளியாகச் சேமியாமல், கோடுகளும் வர்ணங்களுமாகக் கணித முறையில் குறித்துவைத்தமையால் அதன் கோப்புகள் மிகச் சிறியனவாய் அமைந்து, தொலைபேசிக் கம்பி வழியே மெல்ல வந்த அக்கால இணையத்துக்கும் ஏற்றவையாயின. 2000இல் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியும் அதனுடன் சேரவே, பார்ப்பதற்கு மட்டும் இருந்த படம் ஆடுவதற்கும் உரியதாயிற்று. பெரு நிறுவனங்களின் தயவை நாடாமல், தனியொருவராகவே ஓர் ஆட்டத்தைச் சிருஷ்டித்து, நியூகிரவுண்ட்ஸ் போன்ற தளங்களின் வாயிலாக உலகின் முன் வைக்க இளைஞர்களுக்கு வாய்த்த இச்சுதந்திரமே ஃபிளாஷின் மெய்யான பெருமை எனலாம்.

2005இல் மாக்ரோமீடியாவை வாங்கிய அடோபி, பாதுகாப்புக் குறைகள் மலிந்தும், 2010இல் ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதிக் கண்டித்ததுபோல் கைப்பேசிகளுக்கு ஒவ்வாமலும் போன ஃபிளாஷுக்கு 2020 டிசம்பர் 31உடன் முடிவுகட்டுவதாக 2017 ஜூலையில் அறிவித்தது. அவ்வாறு விடுவதோடு நில்லாமல், 2021 ஜனவரி 12 முதல், ஏற்கெனவே கணினிகளில் இருந்த அச்செருகுநிரலாகிய இயக்கியும் ஆட்டங்களை ஓட்ட மறுக்கும்படி செய்தது, குடி பெயர்ந்த வீட்டுக்குப் பூட்டும் போட்டுச் சென்றதை ஒக்கும்.

காப்பாற்றும் பணியைப் பெரும்பாலும் மேற்கொண்டவர்கள் ஊதியம் கருதாத அபிமானிகளே. ஆஸ்திரேலியரான பென் லாடிமோர் தொடங்கிய ஃபிளாஷ்பாயிண்ட் என்னும் காப்புத் திட்டம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களையும் அசைபடங்களையும் திரட்டியுள்ளது. ஷாக்வேவ், ஜாவா ஆப்லெட் முதலிய பிற முறைகளில் அமைந்தவையும் அவற்றுள் அடங்கும். கோப்பைப் பிரதி செய்வது எளிது. ஆனால் தம் சொந்தத் தளத்தில் இருக்கிறோமா என்று சோதித்து, இல்லையெனில் ஓட மறுக்கும் ஆட்டங்களும், இடையிடையே வேறு கோப்புகளைத் தளத்திலிருந்து வரவழைக்கும் ஆட்டங்களும் பல. ஆடுபவரின் கணினிக்குள்ளேயே ஒரு போலிச் சேவையகத்தை அமைத்து, அந்தப் பழைய தளம் இன்னும் ஜீவித்திருப்பதாக ஆட்டத்தை நம்பச் செய்வதே ஃபிளாஷ்பாயிண்ட் கண்ட உபாயம். சாமர்த்தியமான உபாயம் என்பதில் ஐயமில்லை.

ரஃபிள் என்னும் மென்பொருள் கொண்ட மார்க்கம் வேறு. பழைய இயக்கியைப் பேணுவதை விடுத்து, அதன் தொழிலைச் செய்யும் புதிய இயக்கியையே ரஸ்ட் மொழியில் எழுதி, தற்கால உலாவிகளில் செருகுநிரலின்றி ஓடச் செய்கிறது. 2020 நவம்பரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணையக் காப்பகம் தன் ஃபிளாஷ் தொகுப்புக்கு இதனையே கைக்கொண்டது. ஆக்‌ஷன்ஸ்கிரிப்டின் மூன்றாம் பதிப்பில் எழுதப்பட்ட சிக்கலான ஆட்டங்களில் இது இன்னும் பரிபூரணம் எய்தாவிடினும், சாதாரண வாசகருக்கு இதுவே அணுகற்கு எளியது.

இவ்விரு முறைகளும் தாமாகக் காக்க இயலாதவை, உயிர்நிலை முழுவதையும் நிறுவனத்தின் சேவையகத்தில் வைத்திருந்த ஆட்டங்களாம். அவற்றுள் ஒன்றான, ஃபேஸ்புக்கில் கோடிக்கணக்கானோர் பயிரிட்ட ஃபார்ம்வில், ஃபிளாஷ் ஓய்ந்த அதே 2020 டிசம்பர் 31 அன்று ஸிங்கா நிறுவனத்தால் மூடப்பட்டது.