சஸ்திர சிகிச்சைக்குப் பின் உயிர்க்குறிக் கண்காணிப்பு

சஸ்திர சிகிச்சை முடிந்து வார்டுக்குத் திரும்பிய நோயாளியின் நாடி, சுவாசம், இரத்த அழுத்தம், இரத்தத்தில் பிராணவாயு நிறைந்துள்ள விகிதம் முதலியவற்றை, நர்ஸ் நான்கு மணிக்கொரு தடவை வந்து அட்டையில் குறித்துப் போவதோடு அமையாது, மேனியில் பொருத்திய கருவிகளைக் கொண்டு இரவும் பகலும் இடையறாது அளந்துவரும் முறை.

வைத்திய மாணவப் பருவத்தில் தாம் மயக்க மருந்தாக ஈதர் கொடுக்கையிலேயே நோயாளி ஒருவர் மாண்டதைக் கண்டு கலங்கிய அமெரிக்கர் ஹார்வி குஷிங், சகபாடி எர்னஸ்ட் காட்மனுடன் 1890களின் நடுவில், பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், மயக்கத்திலிருப்போரின் நாடியை அட்டையில் பதியலானார். இத்தாலிய வைத்தியர் ரிவா-ரோச்சி இயற்றிய இரத்த அழுத்தமானியை 1901இல் அந்நாட்டின் பவியா நகரில் கண்டு, அதை அமெரிக்காவின் பால்டிமோருக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

அடுத்த பெரிய அடி ஜப்பானில் வைக்கப்பட்டது. நிஹான் கோடன் நிறுவனத்துப் பொறியாளர் தாகுவோ அவோயாகி, இரத்தத்தில் சாயம் ஏற்றி, காது மடலில் ஒளியைச் செலுத்தி, இருதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவை அறிய முயன்றபோது, நாடித் துடிப்பு, அவ்வளவைக் காட்டும் வரைகோட்டை அலையலையாய்க் கெடுத்தது. அத்தொல்லையைப் போக்க இரண்டாவது நிற ஒளியைச் சேர்த்துப் பார்த்தவர், பிராணவாயு குறையுந்தோறும் அவ்வலைகள் மீண்டும் தலைகாட்டுவதைக் கவனித்து, தொல்லையையே அளவுகோலாக்கினார். 1974இல் அவர் வெளியிட்ட அத்தத்துவமே, கொரோனா நாட்களில் நம் வீடுகளிலும் புகுந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கு மூலம்.

1980களில் இக்கருவி சஸ்திர அறைகளில் பரவிற்று. ஆனால் சஸ்திர மேடையில் கணந்தோறும் காவல் காத்த வைத்தியம், வார்டில் நோயாளியைக் கடிகாரத்தின் பொறுப்பில் விட்டுவிட்டதென்றே சொல்லவேண்டும். சஸ்திர சிகிச்சைக்குப் பின் கொடுக்கும் மார்ஃபின் வகை வலிநீக்கிகள் தூக்கத்தில் சுவாசத்தை மந்தப்படுத்துவன. நள்ளிரவில் நர்ஸ் விளக்கைப் போட்டு, தோளைத் தொட்டு எழுப்பியதும், நோயாளி விழித்து இரண்டு மூச்சு ஆழ இழுப்பார். அட்டையில் நல்ல எண்ணே ஏறும். விளக்கு அணைந்ததும் மூச்சு மறுபடி தளரும்.

இவ்விடைவெளியை அடைக்க முற்பட்டவற்றுள் குறிப்பிடத்தக்கது, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள டார்ட்மத்-ஹிட்ச்காக் மருத்துவமனை, எலும்பு சிகிச்சைப் பிரிவின் 36 படுக்கைகளில் 2007 டிசம்பரில் தொடங்கிய, பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கொண்டு இடையறாது கண்காணிக்கும் ஏற்பாடு. அங்கே அவசரக் குழுவை அழைக்க நேர்ந்த சந்தர்ப்பங்கள், வீடு திரும்பிய ஆயிரம் பேருக்கு 3.4 என்பதிலிருந்து 1.2 ஆகக் குறைந்தன. ஓயாது அலறும் மணியை எவரும் செவிமடுப்பதில்லையாதலால், சஸ்திர அறையில் 90 சதவீதத்திலேயே கவலை கொள்ளும் வைத்தியர்கள், இங்கே பிராணவாயு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கிச் சில விநாடிகள் அங்கேயே நின்றாலன்றி, நர்ஸின் இடுப்பிலுள்ள பேஜர் ஒலிக்காதவாறு அமைத்திருந்தார்கள்.