கன்னிமூலையில் தொடங்கும் கணக்கு

ஒரு காலத்தில் விளைச்சலைக் கண்ணால் பார்த்தே சொன்னார்கள். முழு விளைச்சல் 16 அணா. இந்த ஆண்டு 10 அணாவா, 12 அணாவா என்று கிராம அதிகாரி எழுதுவார். வரித்தள்ளுபடி வேண்டிய குடியானவனின் கதி அந்தப் பார்வையில் இருந்தது.

இதை மாற்ற வயலில் இறங்கியவர் ஆங்கிலேய அதிகாரி ஹப்பாக். 1923–25இல் பீகார்-ஒரிசா மாகாணத்தில் நெல் வயல்களில் மாதிரி எடுத்து எடைபோட்டார். வங்காளத்தில் புள்ளியியலாளர் மகாலனோபிஸ் சணலை அளந்தார். 1940களில் புள்ளியியலாளர்கள் சுகாத்மேயும் பான்ஸேயும் இந்த மாதிரி முறையை ஒழுங்குபடுத்தி நாடெங்கும் பரப்பினார்கள்.

கேரளத்தில் இந்த முறைக்குத் தனி அவசியம் இருந்தது. எல்லைக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டில் எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம அளவில் அடங்கல் எழுதப்படுகிறது. இங்கே ஆண்டுதோறும் அப்படி எழுதும் ஏற்பாடு இல்லை. ஆகவே 1975-76இல் வந்த ‘ஈயராஸ்’ என்னும் வேளாண் புள்ளிவிவரத் திட்டத்தில் சாகுபடிப் பரப்பையே மாதிரி வழியாகக் கணிக்க வேண்டியதாயிற்று. பொருளாதாரப் புள்ளியியல் துறையின் ஆய்வாளர்கள் அன்றுமுதல் வரப்பில் நடக்கிறார்கள்.

விளைச்சலை அளக்கும் அறுவடைச் சோதனைக்கு, நெல்லென்றால் அறுவடை நாளிலேயே போக வேண்டும். வயலின் கன்னிமூலையில் நின்று, சமவாய்ப்பு எண் சொன்னபடி நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் நடந்து, முளையடித்துக் கயிறு கட்டி, 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் பிரிக்க வேண்டும். செழித்த இடமாயினும் சோடையாயினும் அங்கேதான் அறுக்க வேண்டும். கயிற்றின் மேல் நிற்கும் குத்துகளை உள்ளே சேர்த்துக்கொள்ளவே கை போகும். துண்டு சிறுத்தால் இந்தப் பிழை பெருகி மகசூலைக் கூடுதலாகக் காட்டும் என்று சுகாத்மே எச்சரித்தார். ஒரு ஹெக்டேருக்குக் கொண்டுபோகும்போது 25 சதுர மீட்டரின் எடை 400 மடங்காகிறது. தராசில் 100 கிராம் பிசகினால் ஏட்டில் 40 கிலோ! புதிதாகச் சேரும் ஆய்வாளருக்கு முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பேன். அடித்துத் தூற்றிய நெல்லை ஈரத்தோடு நிறுப்பதோடு வேலை முடியாது. ஒரு பங்கை உலர்த்தி மறுபடி நிறுத்த பிறகே கண்டுமுதல் தெரியும்.

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய சித்தூரில் மழை குறைவு; பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீர் எட்டும் வயலும் எட்டாத வயலும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அங்குள்ள எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை நிலத்தை மாவட்டச் சராசரிக்குள் அடக்கினால் விவசாயிக்கு அநியாயம். பயிர்க் காப்பீட்டில் அறுவடைச் சோதனையின் விளைச்சலை வைத்து இழப்பீடு கணக்கிடும் இடங்களில் அந்த அநியாயம் பணமாகவே தெரியும்.

இடுக்கிப் பக்கம் வேலை இன்னும் கடினம். மறையூரில் கரும்பு ஒரே பருவத்தில் வெட்டுக்கு வருவதில்லை. ஏலக்காயையோ சுற்றுச் சுற்றாகப் பறிப்பார்கள். ஒருநாள் எடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதே செடிகளுக்குத் திரும்பத் திரும்பப் போய், ஒவ்வொரு பறிப்பையும் கூட்டினால்தான் ஆண்டின் விளைச்சல் கிடைக்கும்.